பஸ்மினா கொடுத்த திறப்பு

பஸ்மினா ஒரு கதிரையில் இருந்தபடியே ஒன்பது ஊர்களின் அலுமாரிகளைத் திறக்கவும் பூட்டவும் சம்பளம் வாங்கினாள். எட்டு வருடமாக அதுதான் அவளுடைய வேலை.

மன்னார் நகரத்தில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் அந்தக் கந்தோர் இருந்தது. கரையோர ஆவண நிலையம் என்று வெளியே பலகை போட்டிருந்தார்கள். தொண்ணூறில் ஊரோடு வெளியேறிய முஸ்லிம் குடும்பங்களும், யுத்தத்தில் மடு மாதா கோயிலுக்கும் இந்தியாவுக்கும் ஓடிய கத்தோலிக்கக் குடும்பங்களும் திரும்பி வந்தபோது, பலரிடம் காணிக் கடதாசி இருக்கவில்லை. சிலரிடம் காணி உறுதிப் பத்திரத்தின் முதல் பக்கம் மட்டும் இருந்தது. அரசாங்கம் சிலருக்குக் கொடுத்த காணிப் பேமிற்றைக் கரையான் தின்றிருந்தது. இருந்த கடதாசிகளை வாங்கி ஸ்கான் பண்ணுவதும், இல்லாதவர்களிடம் வாக்குமூலம் எழுதிக் கைநாட்டு வாங்கிவைப்பதும் நிலையத்தின் வேலை. தலைமன்னார், பேசாலை, தாழ்வுபாடு, எருக்கலம்பிட்டி, வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை முதலான ஒன்பது ஊர்களில் ஊருக்கோர் அறையும் அறைக்கொரு சேர்வர் பெட்டியும் இருந்தன. இன்டர்நெற் விழுந்தாலும் அந்தந்த ஊர்ச்சனம் தங்கள் கடதாசியைத் தங்கள் ஊரிலேயே பார்க்கலாம்.

ஒன்பது பெட்டிகளையும் பஸ்மினாவின் மேசையில் இருந்த ஒரே ஒரு திரை ஆண்டது. அதைக் கொன்சோல் என்பார்கள். எந்தப் பெட்டி சூடேறுகிறது, எதில் இடம் நிரம்புகிறது, யார் எத்தனை மணிக்கு உள்ளே போய் எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். அரிப்பில் ஒரு பெட்டி மக்கர் பண்ணினால் அரிப்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை. தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் அவள் இங்கிருந்தே சரிசெய்துவிடுவாள்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பட்டியல் இருந்தது. கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாத குடும்பங்களின் பட்டியல். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். அதைப் பார்க்கும் உரிமை இரண்டே பேருக்கு: பஸ்மினாவுக்கும், நிலையத்தின் பொறுப்பாளரான றஞ்சிதம் மிஸ்ஸுக்கும். ஊர் அறைகளைப் பார்த்துக்கொண்ட ஆட்களுக்குக்கூட அது திறபடாது.

பஸ்மினாவுக்கு முப்பத்துநாலு வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பிறந்து, தகப்பனின் ஊரான சிலாவத்துறைக்குப் பெரிய பிள்ளையான பிறகுதான் வந்து சேர்ந்தவள். இப்போது உப்புக்குளத்தில் குடியிருந்தாள். கணவன் வஸீர் ஓட்டோ ஓடினான். மகள் ஷப்னா இரண்டாம் வகுப்பில் படித்தாள். தகப்பனின் காணிக்குக் கடைசிவரை ஒரு கடதாசி கிடைக்கவில்லை என்பதால் இந்த வேலையை அவள் வேலையாக மட்டும் நினைத்ததில்லை.

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை தாழ்வுபாட்டு அறையைப் பார்க்கும் பெனடிக்ற் தொலைபேசியில் கூப்பிட்டார். மீன் காயவைக்கிற வாடி ஒன்றும் இரண்டு பிள்ளைகளும் உள்ள மனுஷன். சும்மா கூப்பிடுகிறவர் இல்லை.

“தங்கச்சி, இஞ்ச ரெண்டு பேர் வந்தவை. காணி வாங்கப் போகினமாம். நாலே நாலு வீட்டுக்குத்தான் போனவை.”

“ஆர் வீடு அண்ணை?”

அவர் நாலு பெயர்களைச் சொன்னார். சொல்லிவிட்டு, “பக்கத்து வீட்டுக்காரர் வேலியில நிண்டு விலை கேட்டவர். அவரைத் திரும்பியும் பாக்கேல்லை. அதுதான் எனக்கு விளங்கேல்லை” என்றார்.

பஸ்மினாவுக்கு விளங்கியது. தாழ்வுபாட்டுப் பட்டியலில் கடற்கரைப் பக்கம் இருந்தவர்கள் அந்த நாலு பேரும்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் உறுதி இருந்தது. அவள் பெனடிக்றுக்கு ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுத் தாழ்வுபாட்டுப் பெட்டியின் உள்நுழைவுப் பதிவைத் திறந்தாள்.

போன வெள்ளி பகல் பன்னிரண்டு நாற்பத்திரண்டுக்கு ஒருவர் உள்ளே போயிருந்தார். பட்டியலைத் திறந்து, பிரதி எடுத்து, ஒன்பது நிமிடத்தில் வெளியேறியிருந்தார். போனவரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘பஸ்மினா’ என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு அவள் கதிரையை விட்டு எழும்பிப் பின்னறைக்குப் போவாள். லுஹர் தொழுது, சாப்பிட்டு, ஒன்றரைக்குத் திரும்பி வருவாள். திரைக்கும் அவளுடைய தொழுகைப் பாய்க்கும் இடையில் ஒரு பலகைத் தட்டிதான் மறைப்பு. அந்த வெள்ளியும் அப்படித்தான் தொழுதாள். கந்தோரில் அந்த நேரம் வேறு யாரும் இருக்கவில்லை.

அடுத்த பெட்டியைப் பார்த்தாள். பேசாலை, அதற்கு முந்திய வெள்ளி. தலைமன்னார், அதற்கும் முந்திய வெள்ளி. அவசரமில்லாமல், வாரத்துக்கு ஓர் ஊராக, அவளுடைய பெயரில் ஒருவர் வந்துபோய்க்கொண்டிருந்தார். திரையில் ஊர்கள் எந்த ஒழுங்கில் நிற்கின்றனவோ அதே ஒழுங்கு.

அப்போதுதான் யதுசன் ஞாபகம் வந்தான்.

கார்த்திகையில் கொன்சோலுக்குப் புதிய பதிப்புப் போடப்போய், ஒன்பது ஊரும் ஒரேயடியாய் மறைந்துபோயின. திரையிலேயே உதவி இலக்கம் என்று ஒன்று வந்தது. கூப்பிட்டாள். யதுசன் என்று ஒருவன் பேசினான். நல்ல தமிழ், நல்ல பொறுமை. ஒரு சின்ன உதவிச் செயலியை இறக்கச் சொன்னான். இறக்கினாள். அரை மணித்தியாலத்தில் ஒன்பதையும் கொண்டுவந்து தந்தான்.

“அக்கா, எனக்கும் ஒரு திறப்புப் போட்டு விடுங்கோ. அடுத்த முறை உங்களைக் கரைச்சல்படுத்தாமல் நானே பாத்துச் செய்வன்.”

தன் பெயரிலேயே அவனுக்கும் ஒரு திறப்பு, உள்ளே போகும் சாவி, போட்டுக்கொடுத்தாள். எந்த நேரத்தில் வேலை செய்தால் இடைஞ்சல் இல்லை என்றும் கேட்டான். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குப் பிறகு நான் திரையில் இருக்கமாட்டேன் என்று அவளே சொன்னாள். வேலை முடிந்ததும் திறப்பை அழித்திருக்க வேண்டும். அன்றைக்கு ஷப்னாவுக்குக் காய்ச்சல். அடுத்த நாள் மறந்துபோனாள். அதற்கு அடுத்த நாளும்.

கொன்சோலை விற்ற கொம்பனிக்குக் கொழும்பில் நேரே கூப்பிட்டாள். ஒரு பெண் இரண்டு தரம் தேடிப்பார்த்துச் சொன்னாள்: “அப்பிடி ஒருத்தரும் இங்க வேலை செய்யேல்லை. அந்த நம்பரும் எங்கட இல்லை.”

றஞ்சிதம் மிஸ் காணிக் கந்தோரில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். பஸ்மினா சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஆருக்கும் சொன்னனீரே?”

“இல்லை மிஸ்.”

“சொல்லாதையும். இது வெளியில போனா இனி ஒரு சனம் எங்களை நம்பி ஒரு கடதாசி தராது. முதல்ல எல்லாத்தையும் பூட்டும். பிறகு பாப்பம்.”

பஸ்மினா பூட்டினாள். யதுசனின் திறப்பை அழித்தாள். ஒன்பது பெட்டிகளுக்கும் புதிய பாஸ்வேட் போட்டாள். ஒவ்வொன்றும் இருபது எழுத்து. எல்லாவற்றையும் அந்தத் திரையில் இருந்தே செய்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பன்னிரண்டரைக்கு அவள் எழும்பவில்லை. மேசையில் சோற்றுப் பார்சல் பிரிக்காமல் கிடந்தது. பன்னிரண்டு ஐம்பதுக்கு, வழக்கமான வரிசையை விட்டு, சிலாவத்துறைப் பெட்டியில் ஒருவர் நுழைந்தார். பெயர்: பஸ்மினா. அவளுடைய கை இரண்டும் மடியில் இருந்தன.

முதலில் ஒரு கோப்பு திறந்தது. அவளுடைய தகப்பனின் வாக்குமூலம். ஆயிரக்கணக்கான கோப்புகளில் அதைத்தான் அவன் முதலில் திறந்தான். சும்மா திறந்துவைத்தான், பிரதி எடுக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்து காட்டுவதுபோல் இருந்தது.

இணைப்பை அறுக்கக் கட்டளை அடித்தாள். பாஸ்வேட் பிழை என்றது. திரும்ப அடித்தாள். பிழை. எட்டு வருடமாக அவள் ஆண்ட திரை அவளை வாசலில் நிறுத்தியது. அப்போதுதான் உறைத்தது. யதுசன் இறக்கச் சொன்ன செயலி இன்னும் இந்தக் கொன்சோலுக்குள் இருந்தது. அவள் திங்கட்கிழமை அடித்த ஒவ்வோர் எழுத்தையும் அவன் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறான். அவள் போட்ட புதுப் பூட்டுகளின் திறப்புகளை அவளே அவனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். கொன்சோலின் பாஸ்வேட்டை அவன் மாற்றியும்விட்டான்.

மேசைக்குக் கீழே குனிந்து கொன்சோலின் வயரைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. பெனடிக்றைக் கூப்பிட்டாள்.

“அண்ணை, பெட்டியில பச்சை லைற் எப்பிடி நிக்குது?”

“படபடவெண்டு அடிக்குது தங்கச்சி.”

ஆகவே அவன் இப்போது கொன்சோல் வழியாக இல்லாமல் ஊர்ப் பெட்டிகளுக்குள் நேரேயே போகிறான். இங்கே பிடுங்கிப் பயனில்லை.

“வயரைக் கழட்டுங்கோ. எல்லா வயரையும். இப்பவே.”

பெனடிக்ற் ஏனென்று கேட்கவில்லை. “கழட்டிப்போட்டன்” என்றார் அடுத்த மூச்சில். பேசாலையில் இருந்த பையன், “றஞ்சிதம் மிஸ் சொன்னவவோ?” என்று கேட்டான். ஓம் என்று பொய் சொன்னாள். வங்காலையில் மூன்றாம் தரம்தான் எடுத்தார்கள்; அதற்குள் அங்கேயும் பட்டியல் போயிருக்கும். சிலாவத்துறையில் எடுக்கவேயில்லை. அறையைப் பார்க்கிற நுஃமான் ஜும்ஆத் தொழுகையில் இருப்பான். போனை நிறுத்தியிருப்பான். ஊரில் உள்ள ஆம்பிளைகள் எல்லாரும் பள்ளிவாசலில்தான் இருப்பார்கள்.

அந்த அறைக்கு அடுத்த வீடு சரீபா மாமியுடையது. கணவனைக் கடலில் பறிகொடுத்தவள். அடுப்படியில் இருந்து ஓடிவந்து எடுத்தாள்.

“மாமி, பக்கத்துக் கந்தோரில வெளிச்சுவரில கரண்ட் பெட்டி இருக்கெல்லோ? அதில பெரிய சுவிச்சைக் கீழ இழுங்கோ.”

“கரண்ட் அடிக்காதா மகள்?”

“அடிக்காது மாமி. கெதியாப் போங்கோ.”

சரீபா போனைக் காதில் வைத்தபடியே போனாள். மணலில் செருப்புச் சத்தம் கேட்டது. சுவிச் விழுந்த சத்தமும் கேட்டது. “இழுத்திட்டன். ஆனா உள்ளுக்க என்னமோ கீக் கீக்கெண்டு கத்துது மகள்.”

கரண்ட் போனால் பெட்டி நின்றுவிடாமல் இருக்க ஒரு பற்றரிப் பெட்டி உண்டு. நாற்பது நிமிடம் தாங்கும். போன வருடம் றஞ்சிதம் மிஸ்ஸோடு வாதாடி, சிலாவத்துறைக்குத்தான் முதலில் வேண்டுமென்று பஸ்மினா வாங்கிப் போட்டது. அறைக்கதவில் பெரிய ஆமைப்பூட்டு. சரீபா கதவைத் தள்ளிப்பார்த்தாள், கல்லால் அடித்தும் பார்த்தாள். நுஃமான் பள்ளி முடிந்து திறப்போடு ஓடிவந்தபோது ஒன்றேகால். அதற்குள் எடுக்கவேண்டியதை எடுத்துக்கொண்டு யதுசன் போய்விட்டான்.

அன்று பின்னேர அஸர் தொழுகை வரைக்கும் பஸ்மினா அந்தக் கறுத்த திரைக்கு முன்னால் இருந்தாள். பிறகு பொலிஸில் போய் முறைப்பாடு கொடுத்தாள். இரண்டு பக்கம் எழுதிக்கொண்டார்கள். இப்படியானவற்றைக் கொழும்பில்தான் பார்க்கவேண்டும் என்றார்கள்.

மூன்று கிழமை ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் கிழமை சிலாவத்துறையில் நில அளவைக்காரர்கள் வந்தார்கள். தனியார் ஆட்கள். சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்துக்கொண்டு போனார்கள். ஒரு வளவில் முளை, அடுத்த வளவில் இல்லை, அதற்கடுத்த இரண்டில் முளை. ஊரார் காரணம் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிலர் ஹோட்டல் வரப்போகிறது என்றார்கள். சிலர் மண் அள்ளப்போகிறார்கள் என்றார்கள். பிறகு தபாலில் கடிதங்கள் வந்தன. இந்தக் காணிக்கு எங்களிடம் உறுதி இருக்கிறது, நீங்கள் அத்துமீறிக் குடியிருக்கிறீர்கள் என்று. யாரும் கேள்விப்படாத பெயர்களில், எழுபதுகளில் எழுதியதாகச் சொல்லும் உறுதிகள். கடதாசி உள்ள ஒரு வீட்டுக்கும் அந்தக் கடிதம் வரவில்லை.

பஸ்மினா மிஸ்ஸின் அறைக்குப் போனாள்.

“சனத்துக்குச் சொல்லவேணும் மிஸ். தங்களிட்ட கடதாசி இல்லையெண்டு அந்தக் கள்ளருக்குத் தெரியுமெண்டு சனத்துக்குத் தெரியாது. பயந்து கையெழுத்து வைக்கினம்.”

“சொன்னா என்ன நடக்கும் தெரியுமே? நீர்தான் வித்தனீர் எண்டுவினம்.”

“விக்கேல்லை. ஆனா குடுத்தது நான்தான்.”

“உம்மைக் காப்பாத்தத்தான் சொல்லுறன் பஸ்மினா.”

மிஸ் எழும்பி அறைக்கதவைச் சாத்தினார். அவரும் பயந்திருந்தார். அவருக்கும் யாரோ கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள் என்று பஸ்மினாவுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அன்றே வேலையை விடுவதாகக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினாள். அடுத்த மாதம் நிலையமும் மூடப்பட்டது.

நானூற்றுப் பன்னிரண்டு வீடு. பட்டியல் அவளுக்குப் பாதி மனப்பாடம். மற்றதைப் பெனடிக்ற் கழற்றிவைத்த பெட்டியிலிருந்தும், மற்ற ஊர்ப் பெட்டிகளிலிருந்தும் எடுத்துத் தாளில் எழுதினாள். தாழ்வுபாட்டில் தொடங்கினாள். பெனடிக்ற் கூட வந்தார். ஒவ்வொரு வாசலிலும் ஒரே கதையைச் சொன்னாள். உங்களிடம் கடதாசி இல்லை என்ற விஷயம் களவு போய்விட்டது. என் கவனக்குறைவால் போனது. யார் வந்தாலும் கையெழுத்து வைக்காதீர்கள். அயலாரைச் சாட்சியாக வைத்துப் பிரதேச செயலகத்துக்கு எழுதுங்கள்.

சில வீடுகளில் கதிரை போட்டார்கள். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். பேசாலையில் ஒரு மனுஷி மீன் கழுவின தண்ணியை அவளுடைய காலடியில் ஊற்றினாள். பதினொரு வீடுகளில் ஏற்கெனவே கையெழுத்து வைத்தாயிற்று. அதில் ஒருவர், “நீ ஒரு மாசம் முந்தி வந்திருக்கக்கூடாதே பிள்ளை” என்று கேட்டார். அதட்டாமல், மெதுவாகக் கேட்டார். பஸ்மினா அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

வங்காலைக்குப் போய்வந்த நாள் பின்னேரம், தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா, சுகமா இருக்கிறீங்களோ?”

அதே குரல். அதே பொறுமை.

“வீடு வீடாப் போறீங்களாம். வெயில் கடும் அக்கா, உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ. வஸீர் நானா பிள்ளையப் பள்ளிக்கூடத்தில இறக்கிப்போட்டுப் பாலத்தடியால போறவர் என்ன? அந்த வளைவில லொறியள் கண்மண் தெரியாம வருது. சொல்லிவையுங்கோ.”

அவள் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டான். வஸீரிடம் ஒளிக்காமல் சொன்னாள். அவன் மகளின் பள்ளிக்கூடப் பையை எடுத்து, அறுந்த வாரை முடிந்துகொண்டிருந்தான்.

“இன்னும் எத்தின வீடு இருக்கு?”

“நூற்றி எழுபது.”

“சரி, நாளைக்கு நான் ஏத்திக்கொண்டு போறன். ஷப்னா கொஞ்ச நாளைக்கு உம்மா வீட்ட நிக்கட்டும்.”

சரீபாவின் காணிதான் முதலில் விசாரணைக்கு வந்தது. பிரதேச செயலகத்தில் ஒரு நீளமான அறை. காணி தங்களுடையது என்று கடிதம் போட்டவர்களுக்காக ஒரு சட்டத்தரணி வந்திருந்தார். உறுதியைக் காட்டினார். அதோடு இன்னொரு தாளையும் எடுத்துக் காணி உத்தியோகத்தரின் மேசையில் வைத்தார்.

“இது இந்த அம்மாவின்ர சொந்த வாக்குமூலம். காணிக்குத் தன்னட்ட ஒரு ஆவணமும் இல்லையெண்டு அவவே கைநாட்டு வைச்சிருக்கிறா.”

சரீபா அந்தத் தாளைப் பார்த்தாள். பிறகு பஸ்மினாவைப் பார்த்தாள். நிலையத்தில் இருந்து வந்த பெட்டையிடம், பத்திரமாக இருக்கும் என்று நம்பி, ஆறு வருடத்துக்கு முதல் அவள் வைத்த பெருவிரல் அது.

பஸ்மினா எழும்பினாள்.

“ஐயா, இந்தத் தாள் நான் ஸ்கான் பண்ணினது. எங்கட மெசின் கண்ணாடியில ஒரு கீறல். நாங்கள் எடுத்த எல்லாத் தாளிலயும் இடது கரையில இப்பிடி ஒரு மெல்லிய கோடு விழும். பாருங்கோ. இதின்ர மூலம் மிஸ்ஸின்ர அலுமாரிக்குள்ள கிடக்குது. பிரதி ஒண்டு மட்டும்தான், சிலாவத்துறைச் சேர்வரில. இந்த அம்மா இதை ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. மாசியில களவுபோனதெண்டு பொலிஸில முறைப்பாடு இருக்குது.”

சட்டத்தரணி சிரித்தார். “அந்தச் சேர்வருக்கு ஆர் பொறுப்பு?”

“நான்.”

“ஆர்ர பெயரில எடுபட்டது?”

“என்ர பெயரில. அவங்களுக்குத் திறப்புக் குடுத்ததும் நான்தான். தெரியாமக் குடுத்தனான்.”

உத்தியோகத்தர் தாளை வெளிச்சத்தில் பிடித்து அந்தக் கோட்டைப் பார்த்தார். பஸ்மினா சொன்ன எல்லாவற்றையும், அவளுடைய முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம் உட்பட எழுதினார். பிறகு சட்டத்தரணியிடம், இந்தப் பிரதி உங்கள் கட்சிக்காரரின் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டார். அவர் தவணை கேட்டார். மூன்று மாதம் கொடுபட்டது. அதுவரைக்கும் அந்தக் காணியில் யாரும் கைவைக்கக்கூடாது என்று உத்தரவானது. முளைகளைப் பிடுங்கும்படி உத்தரவில் ஒன்றும் இல்லை.

திரும்பும்போது வஸீரின் ஓட்டோவில் சரீபா யன்னல் சீலையைப் பிடித்தபடி இருந்தாள். அரிப்பைத் தாண்டும்போது பஸ்மினாவிடம் சொன்னாள்.

“எழும்பிச் சொன்னது நல்லது மகள். ஆனா இனி என்ட கடதாசி ஒண்டும் உன்னட்டத் தரமாட்டன்.”

“ஓம் மாமி” என்றாள் பஸ்மினா.

அந்தக் கிழமையே இன்னும் பத்துப் பேருக்கு விசாரணைக் கடிதம் வந்தது. தாழ்வுபாட்டில் ஆறு, வங்காலையில் நாலு. எல்லாவற்றுக்கும் அவள் போய் எழும்பி நிற்கவேண்டும், பெயரையும் விலாசத்தையும் சொல்லவேண்டும், திறப்பைக் கொடுத்தது நான்தான் என்று சொல்லவேண்டும். முதலாவது திகதி வரும் வெள்ளிக்கிழமை.